டீசல் கார் 18-தான் தருகிறது: மாற்றிவிடலாமா?

கேள்வி: ஏழு வருடக் கடனில் டீசல் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இது என் மூன்றாவது கார். லிட்டருக்கு 25 கி.மீ. என்று சொல்லித்தான் விற்றார்கள். வருடத்துக்கு நான்கு முறை குடும்பத்தோடு போக வர 1,000 கி.மீ. நெடும்பயணம் போவோம். டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் 18-க்கு மேல் வருவதே இல்லை. மேலே கேரியர் உண்டு. சாலை நன்றாக இருந்தால் 120-ல் போவேன். ஊருக்குள் ஓட்டுவது வருடத்துக்கு 6,000 கி.மீ., பெரும்பாலும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஒரு நடை. அதில் 13 கிடைக்கிறது. மச்சானின் புது டீசல் காரில் திரை 24 காட்டுகிறது, விளம்பரத்தில் 28. அதையே நானும் வாங்கலாம், பழைய கடன் பாக்கியைப் புதுக் கடனில் சேர்த்துக்கொள்வார்கள், கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்று அவரே டீலரிடம் பேசி வைத்திருக்கிறார். போன காரையும் இப்படித்தான் மாற்றினேன். மனைவி வேண்டாம் என்கிறார். தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்டது மைலேஜ் பற்றி என்பதால் அங்கிருந்தே வருகிறேன்.

விளம்பரத்தில் வரும் எண் சாலையில் ஓட்டி எடுத்ததல்ல. மூடிய அறையில், உருளைகள் மேல் காரை நிறுத்தி ஓட்டி எடுப்பது. ஐரோப்பாவில் 2017 முதல் நடக்கும் டபிள்யூஎல்டிபி சோதனையே முப்பது நிமிடம், 23 கி.மீ. தூரம், சராசரி வேகம் மணிக்கு 46 கி.மீ. சொச்சம், அவ்வளவுதான். அதற்கு முன்பிருந்த சோதனை இன்னும் சொகுசு: 11 கி.மீ., சராசரி 34. 2021-ல் பதிவான கார்களுக்குள்ளேயே இருக்கும் கருவிகள் பதிந்த கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் குடிக்கின்றன என்று அதில் தெரிந்தது. அந்தக் கணக்கில் உங்கள் 25 என்பது 21. மீதி மூன்றை எடுத்துக்கொள்வது உங்கள் வலது காலும் மேலே இருக்கும் கேரியரும்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். 95-ல் போகும்போது இருப்பதைவிட 120-ல் அது 1.6 மடங்கு. கேரியரில் பெட்டி ஏற்றினால் மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஆக உங்கள் கார் 18 தருவதில் பழுது எதுவும் இல்லை. மச்சானின் 24? அது திரை சொல்வது. திரை பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே பேசும். அவரையும் ஒருமுறை டேங்க் நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பேச்சு கொஞ்சம் குறையும்.

இனி பணம். உங்கள் கடிதத்தில் இருந்த தொகைகளை இங்கே வெளியிடாமல், எல்லாவற்றையும் டீசல் லிட்டராக மாற்றிவிட்டேன். எரிபொருளை மிச்சம் பிடிக்கத்தானே இத்தனையும், அதே அளவுகோலில் பார்ப்போம்.

இப்போது வருடத்துக்கு நீங்கள் எரிப்பது: நெடும்பயணம் 4,000 கி.மீ., 18 வீதம் 222 லிட்டர். ஊருக்குள் 6,000, 13 வீதம் 462 லிட்டர். மொத்தம் 684. கவனித்தீர்களா, மூன்றில் இரண்டு பங்கு டீசல் ஊருக்குள்தான் போகிறது. நீங்கள் தூக்கம் தொலைப்பதோ மீதி ஒரு பங்குக்காக. நெடும்பயண மைலேஜுக்கு இது ஒரு வினோத குணம். வருடத்தில் நான்கு முறை பார்க்கும் எண், வருடம் முழுக்கப் பேச்சில் இருக்கும்.

புதுக் காரின் விளம்பர எண் 28 என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கால், அதே கேரியர் என்றால் சாலையில் 20 வரும். ஊருக்குள் 14.5 என்று வைப்போம். 200-ம் 414-ம் சேர்த்து 614. மிச்சம் வருடத்துக்கு 70 லிட்டர். சரி, உங்களுக்காக 80 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எதிர்ப்பக்கம். பழைய கடன் பாக்கி 6,500 லிட்டர். காருக்கு டீலர் தருவது 5,500. பள்ளம் 1,000 லிட்டர். புதுக் கார் 13,000. ஆகக் கடன் 14,000, ஏழு வருடம், ஒன்பது சதவீத வட்டி. தவணை மாதம் 225 லிட்டர். இப்போது கட்டுவது 163. மாதம் 62 லிட்டர் கூட, அதாவது வருடத்துக்கு 740 லிட்டர் கூடுதலாகக் கட்டி 80 லிட்டர் மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள். இது முதல் நான்கு வருடத்துக்கு. அதன் பிறகு பழைய கடன் முடிந்திருக்கும். புதுக் கடனில் இன்னும் மூன்று வருடம் 225 வீதம் கட்டுவீர்கள். வட்டி மட்டும் சுமார் 4,900 லிட்டர். இந்தக் காரில் ஏழு வருடம் ஓட்டுவதற்கே அவ்வளவு டீசல் ஆகாது.

அந்த 1,000 லிட்டர் பள்ளத்தை மறுபடி பாருங்கள். கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்பதன் பொருள் அதுதான். வீட்டு வாசலை விட்டுப் போய்விட்ட காருக்கு ஏழு வருடம் வட்டி கட்டுவீர்கள். 80 லிட்டர் மிச்சத்தில் அந்தப் பள்ளத்தை மட்டும் தூர்க்கவே பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். போன முறை மாற்றியபோதும் ஒரு பள்ளம் இருந்திருக்கும். அது இப்போதைய கடனுக்குள் கலந்து கிடக்கிறது. உங்களுக்குக் கேடு செய்வது டீசலும் இல்லை, 18-ம் இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாக்கியைச் சுருட்டி அடுத்த காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பும் இந்தப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் அதற்கு மைலேஜ் என்று ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்கிறீர்கள்.

அந்த 62 லிட்டரை உங்களால் உண்மையிலேயே மாதாமாதம் எடுத்துவைக்க முடியும் என்றால் இருக்கிற கடனின் அசலில் கட்டுங்கள். ஒன்பதரை சதவீத வட்டியில் 48 மாதக் கடன் 34 மாதத்துக்குள் முடியும். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று மட்டும் முதலில் வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடியாது என்றால், புதுத் தவணையை மட்டும் எப்படிக் கட்டுவதாக இருந்தீர்கள்?

அடுத்ததாக யாராவது பிளக்-இன் ஹைப்ரிட் (சார்ஜ் போட்ட மின்சாரத்திலும் எரிபொருளிலும் ஓடும் கார்) என்று ஆரம்பிப்பார்கள், மச்சானாகவே இருக்கலாம். நான் மேலே சொன்ன அதே ஐரோப்பியக் கணக்கில் அந்த வகைக் கார்கள் சோதனை எண்ணைப் போல மூன்றரை மடங்கு எரித்திருந்தன. தினமும் சார்ஜ் போடுபவருக்கு அது நல்ல கார். கடனைச் சுருட்டுவதற்குக் காரணம் தேடுபவருக்கு, அதுவும் இன்னொரு எண்.

மச்சானிடம் மைலேஜ் வாதம் வேண்டாம், முடியாது. பழைய கடன் முடியும்வரை வண்டி மாற்றுவதாக இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். டீலரிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தால் அது அவர் வாக்கு. உங்கள் கையெழுத்து இன்னும் விழவில்லையே.

ஒன்றை விட்டுவிட்டேன். மூன்று நான்கு கிலோமீட்டர் நடையில் டீசல் எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, கரியை எரித்துத் தள்ள நேரம் இல்லாமல் அடைத்துக்கொள்ளும். எரிக்க முயலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் டீசலும் கூடப் போகும். அந்த 13-க்கு இதுவும் ஒரு காரணம். ஊர்வேலைகளைச் சேர்த்து ஒரே நடையாக முடியுங்கள், மாதம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நல்ல சாலையில் ஓட்டுங்கள். அடுத்த பயணத்தில் கேரியரைக் கழற்றிவிட்டு 95-ல் போய் டேங்க் கணக்கைப் பாருங்கள். 20-ஐத் தொட்டால், புதுக் கார் சாலையில் தருவதாக இருந்த 22 லிட்டரும் இந்தக் காரிலேயே கிடைத்துவிடும். அப்போதும் 18-லேயே நின்றால் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒட்டிக்கொண்டு ஓடுகிறதா என்றும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.