தட்டு சுடறதுக்கு எந்த நம்பர் ரவை? கேள்வி பதில்

வணக்கமுங்க. ட்ராப், ஸ்கீட் (ரெண்டுமே பறக்கற தட்டத் துப்பாக்கியில சுடற போட்டி) சுடறவங்க, புதுசா வரப்போறவங்க, தோட்டா பத்தி, முக்கியமா ரவை (தோட்டாவுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன ஈய உருண்டை) சைஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். வேட்டை பத்தியும் லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி பத்தியும் கேக்காதீங்க, பேச மாட்டேன்.

பொள்ளாச்சி: அண்ணா, பாரீஸ் ஒலிம்பிக்ல 2024ல நம்ம புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் ட்ராப் சுட்டதுல இருந்து எனக்கு இந்த ஆசை. இப்ப க்ளப்ல சேந்துட்டேன். ஒருத்தர் 7½ங்கறாரு, ஒருத்தர் 9ங்கறாரு, எதை வாங்கறது?

சந்தோசம் தம்பி. ட்ராப்னா 7½, ஸ்கீட்னா 9. ஏன்னு தெரிஞ்சுக்கோங்க, இல்லாட்டி கடைக்காரர் குடுக்கறதத்தான் வாங்கிட்டு வருவீங்க.

ஸ்கீட்ல தட்டு குறுக்கால போகுது, பெரும்பாலும் இருவது மீட்டர் சுத்துலயே அடிச்சுருவீங்க, தட்டோட முகமும் நல்லாத் தெரியும். அங்க ரவை எச்சா வேணும், சீக்கிரம் விரியோணும். ட்ராப்ல அப்பிடி இல்லீங்க, 15 மீட்டர் முன்னால இருக்கற குழியில இருந்து கெளம்பி உங்கள விட்டு ஓடுது, மொத வெடி போறப்பவே 30, 35 மீட்டர் ஆயிப்போகும், அது தப்பி ரெண்டாவது வெடிக்குப் போனா 40ஐத் தொட்டுரும், தெரியறது அதிகமா விளிம்புதான், அது கெட்டியான எடம். சின்ன ரவை காத்துல சீக்கிரம் வேகம் எழந்துரும், அவ்வளவு தூரம் போனா தட்டுல பட்டாலும் உடைக்கப் பலம் இருக்காது.

24 கிராம் தோட்டாவுல, அமெரிக்க நம்பர் கணக்குல, 9ன்னா ஏறக்குறைய 495 ரவை, 8ன்னா 347, 7½ன்னா 296. எடை ஒன்னேதான். 9 நல்ல பெரிய கடுகாட்டம் இருக்கும், 2 மில்லிமீட்டர். 7½, 2.4 மில்லிமீட்டர். கையில வெச்சுப் பாத்தா பெருசா வித்தியாசம் தெரியாது, ஆனா ஒரு ரவையோட எடை ஒன்னரை மடங்குக்கு மேல எச்சு.

ஈரோடு: நம்பர் பெருசானா ரவையும் பெருசு தானுங்களே?

இல்லீங்க, நேர் எதிரு. அமெரிக்க நம்பர 17ல இருந்து கழிச்சா வர்றது இஞ்சுல நூத்துல எத்தனை பங்குன்னு. 17ல 9 போனா 8, அதாவது 0.08 இஞ்சு.

இன்னொரு சிக்கல், நம்பர் ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்து 6 நம்பர் 2.6 மில்லிமீட்டர், அமெரிக்க 6 நம்பர் 2.8. சர்வதேசப் போட்டியில ரவை 2.6 வரைக்குந்தான், எடை 24 கிராம் வரைக்குந்தான், அப்ப ஒரே 6ல ஒன்னு விதிக்குள்ள, ஒன்னு வெளிய. அதனால நம்பர நம்பாதீங்க, பெட்டி மேல மில்லிமீட்டர் என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

திருப்பூர்: 9 போட்டா தோள்ல ஒதை கம்மியாகுமாண்ணா? எனக்கு ரெண்டு நாளைக்கு வலிக்குது.

ஆகாது அம்மணி. ஒதைக்கும் ரவை சைஸுக்கும் சம்பந்தமே இல்லை. மொத்த ஈயத்தோட எடை, கெளம்பற வேகம், வெடிமருந்து, துப்பாக்கியோட எடை, இதுதான். 28 கிராம் சுடறீங்கன்னா 24க்கு மாறுங்க. ஸ்டாக் (தோள்ல வெக்கற கட்டை) நீளம் உங்களுக்குச் சரியான்னு கோச்ச விட்டுப் பாக்கச் சொல்லுங்க, பாதி வலி அங்கதான் இருக்கும்.

தாராபுரம்: ஐயா, தோட்டத்துல மயில் தொல்லை தாங்கல, 9 நம்பர்ல

இங்கயே நிறுத்திக்கோங்க. மயில் 1972 வனவிலங்குச் சட்டத்துல அட்டவணை ஒன்னுல இருக்கு. வெள்ளாமை போற வேதனை எனக்கும் தெரியும், ஆனா வனத்துறைக்குத்தான் எழுதோணும். தோப்புக்குள்ள தட்டு வெச்சுப் பழகலாம்னும் நெனைக்காதீங்க, 7½ ரவை 190 மீட்டர் வரைக்கும் போயி விழும், 9 கூட 160.

கோபி: அண்ணா, ட்ராப்ல ரெண்டு பேரலுக்கும் (குழலுக்கும்) 7½ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். மொத பேரலுக்கு 8 தான் சரி. அம்பது ரவை எச்சா வருது. பாரீஸ்ல ஸ்கீட் கலப்பு அணியில மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் 43க்கு 44ன்னு ஒரே தட்டுல வெண்கலத்த விட்டாங்களே, அந்த ஒரு தட்டு யாருக்கும் போகலாமுங்க.

வாங்க, கணக்குப் போட்டே பாத்துருவோம். ஃபுல் சோக்குன்னா (பேரல் முனை நல்லா இறுக்கமா இருந்தா) 40 கெஜத்துல, அதாவது 36.6 மீட்டர்ல, 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள நூத்துக்கு 70 ரவை விழுகோணும். 7½ன்னா 207, 8ன்னா 243. வட்டம் சுமார் 4,500 சதுர சென்டிமீட்டர். தட்டு 11 சென்டிமீட்டர் அகலம், ரெண்டரை ஒசரம், விளிம்பு மட்டும் தெரிஞ்சா 27 சதுர சென்டிமீட்டர். அப்ப சராசரியா 7½ல ஒன்னேகால் ரவை, 8ல ஒன்னரைக்குக் கிட்ட. எண்ணிக்கையில உங்க பக்கம் ஞாயம் இருக்கு. ஆனா 7½ ஒவ்வொன்னும் நூத்துக்கு 17 எடை எச்சு. தூசி பறந்தா மட்டும் பத்தாது, கண்ணுக்குத் தெரிய ஒரு துண்டாவது பிரியோணும், அதான் விதி. பட்டும் உடையாத தட்டு விட்ட தட்டுத்தான்.

கோபி: அது ரெண்டாவது வெடிக்குச் சரி. மொத வெடி 32 மீட்டர்ல, அங்க 8க்கே பலம் தாராளம், அப்ப எண்ணிக்கையத்தான பாக்கோணும்?

உடுமலை: ரெண்டு பேரும் ஈயத்தக் கெட்டியாக்கக் கலக்கற ஆண்டிமனிய விட்டுட்டீங்க. ஈயம் மெதுவா இருந்தா பேரல்லயே நசுங்கி அக்கட்டால இக்கட்டால போயிரும், 243ன்னு நீங்க போட்ட கணக்கே நிக்காது.

உடுமலைக்காரர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. 7½ஆ 8ஆங்கறத விட, ரவை கெட்டியா இருக்கா, உருண்டையா இருக்காங்கறது முக்கியம். கோபி, பழகினவங்க மொத பேரலுக்கு 8 போடட்டும், நானும் ஒத்துக்கறேன். ஆனா புதுசா வர்றவங்க வேண்டாம். பாக்கெட்ல ரெண்டு வகை வெச்சு, எது எந்தப் பேரல்லன்னு யோசனை பண்ணிட்டு நின்னா தட்டு போயிரும்.

கணக்கு கெடக்கட்டும், எல்லாரும் ஒருக்கா காகிதத்துல சுடுங்க. 35 மீட்டர்ல பெரிய பழுப்புக் காகிதத்தக் கட்டி, ஒரே தோட்டாவுல பத்து வெடி, ஒவ்வொன்னுக்கும் புதுக் காகிதம். தட்டு அளவுக்கு ஒரு அட்டைய வெட்டி மேல வெச்சு நகத்திப் பாருங்க. ரவையே படாம அட்டை நொழையற ஓட்டை எத்தனைன்னு எண்ணுங்க. உங்க பேரலுக்கு எது சேருதுன்னு அந்தக் காகிதந்தான் சொல்லும், நானில்ல.

கரூர்: ட்ராப்புக்கு 9 போடலாமா?

மேல மொத பதில் பாருங்க.

நாமக்கல்: தாத்தா காலத்து டபுள் பேரல் இருக்குங்க, லைசன்ஸ் எம்பேருக்கு மாத்தியாச்சு. 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ள நல்லாப் போகுது, 7½ சுடலாங்களா?

உள்ள போகுதுங்கறது கணக்கே இல்லீங்க. 70ங்கறது வெடிச்சு விரிஞ்ச பொறவு இருக்கற நீளம். சேம்பர் (பேரல்ல தோட்டா உக்கார்ற எடம்) 65ஆ இருந்தா வாய் விரிய எடமில்லாம அழுத்தம் ஏறிப்போகும். லைசன்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிட்ட சேம்பர அளந்து, பேரலையும் சோதிச்சு வாங்காம ஒரு வெடி கூட வேண்டாம்.

மேட்டுப்பாளையம்: ட்ராப்புக்கு எத்தனாம் நம்பர்ணா?

7½. இது மூணாவது தடவை. மேல இருக்கறதப் படிச்சுப்போட்டு கேளுங்க கண்ணு.

கோயமுத்தூர்: பையன் 20 போர் வாங்கியிருக்கான், நான் 12. அவனுக்கும் 7½ தானுங்களா? ஒரே பையில கொண்டு போலாம்னு இருக்கறோம்.

ரவை சைஸ் அதேதான். ஆனா அந்த ஒரே பைய இன்னைக்கே பிரிச்சுருங்க. போர்ங்கறது பேரலோட வாயகல நம்பர், 20 போர் 12ஐ விடச் சின்னது, அதனால 20 போர் தோட்டா 12 போர் சேம்பருக்குள்ள வழுக்கிப் போயி முன்னால சிக்கிக்கும். பின்னால பாத்தா காலியாத் தெரியும். தோட்டா போடலன்னு நெனைச்சு 12ஐப் போட்டு சுட்டீங்கன்னா பேரல் வெடிச்சு முன்கை போயிரும். அதுக்காகத்தான் 20 போருக்கு மஞ்சள் நெறம்னு வழக்கமா வெச்சிருக்காங்க. நெறத்த மட்டும் நம்ப வேண்டாம், பை வேற, சட்டை பாக்கெட் வேற, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு தோட்டா மாத்திக்கறதும் வேண்டாம். எப்பவாவது விசைய இழுத்து வெடிக்கலன்னா, துப்பாக்கிய முன்பக்கமே காட்டி சித்த நேரம் அப்பிடியே வெச்சிருந்துட்டுத் தெறங்க. அடுத்த தோட்டா போடறதுக்கு முன்னால பேரல் வழியா அந்தப்பக்கம் வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. பையனையும் பாக்கச் சொல்லுங்க.