ஜெர்மன் தேர்வு, குடியுரிமை, வீட்டுத் தமிழ்: ஜெர்மனிவாழ் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கணவர் மியூனிக்கில் வேலை பார்க்கிறார். நான் கோவையில் இருக்கிறேன். விசாவுக்கு ஏ1 (ஜெர்மன் மொழியின் தொடக்க நிலை) தேர்வு எல்லாருக்கும் கட்டாயமா?

இல்லை. கணவரிடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் புளூ கார்டு (உயர் தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி அட்டை) இருந்தால் உங்களிடம் ஏ1 சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் அவருடைய அனுமதி அட்டை எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

தேர்வு எழுதத்தான் வேண்டும் என்றால் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. பேச்சுத் தேர்வில் அறிமுகம் செய்துகொண்டதும், பெயரையோ ஊரையோ எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஓர் எண்ணையும் கேட்பார்கள். நம்மவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் 'ஏ' என்று சொல்லும் எழுத்து ஜெர்மனில் 'ஆ', 'ஈ' என்பது 'ஏ', 'ஐ' என்பது 'ஈ'. உங்கள் பெயர், தெரு, ஊர் மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். 24 என்பதை 'நாலும் இருபதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். அதனால் கேட்டல் பகுதியில் எண் முழுதாகக் காதில் விழுந்த பிறகு எழுதுங்கள். உங்கள் போன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் போதும்.

ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கிறேன். வினைச்சொல்லை எங்கே போடுவது என்றே புரியவில்லை.

கொஞ்சம் தமிழ் வழியாகவும் போய்ப் பாருங்கள். 'எனக்குக் குளிருது' என்று நாம் சொல்வதை ஜெர்மனும் 'எனக்கு' என்றே தொடங்கும்: 'மியர் இஸ்ட் கால்ட்'. ஆங்கிலத்தை வைத்து 'இஷ் பின் கால்ட்' என்றால் கேட்பவருக்கு அது விநோதமாக இருக்கும். 'எனக்குப் பிடிச்சிருக்கு' என்பதும் அப்படித்தான்: 'மியர் கெஃபெல்ட் தாஸ்'. 'வைல்' (ஏனென்றால்) போட்டுத் தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். வினையில் முடிப்பது நமக்குப் பழக்கம்தானே. ஆனால் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும், அதற்குத் தமிழ் கைகொடுக்காது. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன் வரும் 'தேர், தீ, தாஸ்' மூன்றுக்கும் குறுக்கு வழி கிடையாது. சொல்லோடும் அதன் பன்மையோடும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

அக்கா, நான் டோர்ட்முண்டில 12 வருஷமா இருக்கிறன். டொய்ச் (ஜெர்மன்) நல்லாக் கதைப்பன், எழுதிறதுதான் கஷ்டம். குடியுரிமைக்குக் கேட்கிற பி1 (நடுத்தர ஜெர்மன் நிலை) எடுக்க ஏலுமா? இலங்கைக் குடியுரிமை என்ன ஆகும்?

எடுக்க ஏலும். ஒருங்கிணைப்புப் பாடநெறியின் முடிவில் வைக்கும் டிடிஇசட் தேர்வில் பேச்சு கட்டாயம் பி1 தரத்தில் இருக்க வேண்டும். அதோடு எழுத்து, அல்லது கேட்டலும் படித்தலும் சேர்ந்த பகுதி, இரண்டில் ஒன்று பி1 ஆனால் மொத்தமும் பி1. எழுத்துக்கு 30 நிமிடம். கடிதத்தில் தொட வேண்டிய நாலு குறிப்புகளைத் தருவார்கள். இலக்கணப் பிழையைவிட அதில் ஒரு குறிப்பை விட்டுவிடுவதால்தான் பலருக்குப் புள்ளி போகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறு வாக்கியம் எழுதினால் போதும்.

குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி, 60 நிமிடம், 17 சரியாக இருக்க வேண்டும். மொத்தம் 310 கேள்விகள் வெளியிடப்பட்டிருக்கின்றன (300 பொது, 10 உங்கள் மாநிலத்துக்குரியவை). வினாத்தாள் அதிலிருந்துதான் வரும். கட்டணம் 25 யூரோ. குடியுரிமை விண்ணப்பத்துக்கு 255 யூரோ. குடியுரிமை கேட்க ஜெர்மனியில் வாழ்ந்திருக்க வேண்டிய காலம் 2024 ஜூன் 27 முதல் எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது, பழைய குடியுரிமையை விடச் சொல்லி ஜெர்மனி இப்போது கேட்பதில்லை. ஆனால் இலங்கைக் குடியுரிமையை வைத்திருக்க இலங்கையிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதை ஜெர்மன் குடியுரிமை கைக்கு வரும் முன்பே தொடங்குங்கள்.

இந்தியர்களுக்கும் இரட்டைக் குடியுரிமை உண்டா?

ஜெர்மனி தடுக்கவில்லை, இந்தியாதான் தடுக்கிறது. ஜெர்மன் குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கி, பிறகு ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டையை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் அப்படி ஏதாவது திட்டம் இருந்தால் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். குழந்தைக்கு என்ன செய்வது?

குழந்தை பிறந்ததும் பதிவு அலுவலகத்தில் (ஸ்டாண்டஸ்அம்ட்) வாய் திறக்காமல் இருந்தால், அவர்கள் வழக்கப்படி ஏதோ ஒன்றைப் பதிந்துவிடுவார்கள். பெற்றோர் தங்கள் நாட்டுச் சட்டப்படி பெயரிடத் தேர்வு செய்யலாமா என்று பிரசவத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நீங்களே குடியுரிமை பெற்ற பிறகு, இருக்கும் பெயர்களில் எது முன்பெயர், எது குடும்பப் பெயர் என்று அறிவிக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

எழுத்துக்கூட்டலையும் இப்போதே தீர்மானியுங்கள். 'ஜீவா' என்பதை ஆங்கில முறைப்படி ஜே, இரண்டு ஈ போட்டு எழுதினால் வகுப்பில் 'யேவா' என்று கூப்பிடுவார்கள். 'யாழினி'க்கு இசட் எழுத்தைப் போட்டால் 'ட்ஸ்' ஒலி வந்துவிடும். பெயரை மாற்ற வேண்டாம், எழுதும் விதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கிண்டர்கார்டனில் வீட்டிலும் ஜெர்மனே பேசச் சொல்கிறார்கள். இரண்டு மொழி பேசினால் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. வீட்டில் தமிழ் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நமக்கே தடுமாறும் ஜெர்மனை வீட்டில் பேசினால் குழந்தை நம் பிழைகளைத்தான் கற்றுக்கொள்ளும், தாத்தா பாட்டியோடு பேசும் மொழியையும் இழக்கும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வயதில் இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியும் 50 தேறவில்லை, 'பால் வேணும்' போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் 21 முதல் 24 மாதத்துக்குள் வரும் யூ7 பரிசோதனையில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்கே ஜெர்மன் சொற்களை மட்டும் எண்ணினால், தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் காட்டுங்கள்.

ஐந்து வயது மகள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள்.

அதட்ட வேண்டாம், நீங்களும் ஜெர்மனுக்குத் தாவ வேண்டாம். அவள் 'இஷ் வில் வாஸர்' என்றால் 'தண்ணி வேணுமா? எந்த டம்ளர்ல வேணும்?' என்று கேளுங்கள். அவள் சொன்னது தமிழில் திரும்பக் காதில் விழுகிறது, அடுத்த பதிலுக்கும் இடம் கிடைக்கிறது. ஆமாம், இல்லை என்று முடியும் கேள்விகளைக் குறையுங்கள். பாட்டியோடு வீடியோவில் பேசும்போது நீங்கள் மொழிபெயர்க்காமல் எழுந்து போய்விடுங்கள். ஜெர்மன் தெரியாத ஒருவரிடம் தன் தேவையைச் சொல்லும்போதுதான் பேச்சு வருகிறது.

தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான், ஆனால் வெறுக்கிறான். 247 எழுத்தும் எழுத வைக்கிறார்கள்.

247-ஐயும் தனித்தனியாக எழுத வைப்பது வீண் வேலை. 12 உயிர், 18 மெய், உயிர்மெய்க்கான குறிகள், இவை பிடிபட்டால் மீதி தானே கூடும். முதல் வாரத்திலேயே 'அம்மா', 'பல்', 'படம்' என்று அவனே வாசிக்க வேண்டும். அடுத்த சிக்கல் புத்தகத் தமிழ். வீட்டில் 'வந்தாங்க', பாடத்தில் 'வந்தார்கள்'. இரண்டும் ஒன்றுதான் என்று யாரும் சொல்லித்தராததால் தனக்குத் தமிழே தெரியாது என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. பேச்சு வழக்கில் எழுதிய ஐந்து வரிகளை முதலில் வாசிக்கக் கொடுங்கள், பிறகு அதையே எழுத்து வழக்கில் காட்டுங்கள்.

நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் இருந்தால், அரசுப் பள்ளிகளின் தாய்மொழி வகுப்பில் தமிழ் உங்கள் ஊரில் நடக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். போதிய பிள்ளைகள் பெயர் கொடுத்தால்தான் வகுப்பு நடக்கும், அதனால் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.