குடம் கையில் இருக்கும்போதே நிறுத்துங்கள்

அன்புள்ள ஐயா,

வேல்ஸின் கார்டிஃப் நகரில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியொன்றில் 10 முதல் 13 வயதுவரை உள்ள 12 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். வாரம் இரண்டு மணி நேரம். இந்தத் தவணைப் பாடம் பிராமணப் பெண்ணும் கீரிப்பிள்ளையும் கதை: பாம்பைக் கொன்று குழந்தையைக் காப்பாற்றிய கீரியின் வாயில் ரத்தத்தைக் கண்டு, அதுதான் குழந்தையைக் கொன்றுவிட்டது என்று நினைத்துத் தாய் அதைக் கொன்றுவிடுகிறாள். தொடங்கியதுமே, "டீச்சர், இது கெலர்ட் கதை" என்கிறார்கள். கெலர்ட் என்பது வேல்ஸ் நாட்டுக் கதையொன்றில் இப்படியே தவறாகக் கொல்லப்படும் நாய். 'ஆராயாமல் எதையும் செய்யக்கூடாது' என்று நீதியை எழுதிவிட்டுக் கொப்பியை மூடிவிடுகிறார்கள். பெண் என்றால் அவசரக்காரி என்று கதை சொல்வதும் எனக்கு உறுத்துகிறது. கதையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமா?

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாற்ற வேண்டாம். பக்கத்தில் இன்னொரு வடிவத்தை வையுங்கள், போதும். நீங்கள் சொல்லும் பஞ்சதந்திர வடிவத்தில் தண்ணீர்க் குடத்தைக் கீரியின் மேல் போடுகிறவள் தாய். இதோபதேசம் என்ற இன்னொரு வடமொழிக் கதைத் தொகுப்பில் கொல்கிறவன் தகப்பன். மனைவி குளிக்கப் போன நேரம் அரசனிடமிருந்து சிராத்த அழைப்பு வருகிறது. தாமதித்தால் தானத்தை வேறொருவன் வாங்கிப் போய்விடுவான் என்று, குழந்தைக்குக் கீரியைக் காவல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா அரபியில் ஆக்கிய பஞ்சதந்திர வடிவமான கலீலா வ திம்னாவிலும் ஆண்தான் கொல்கிறான்; அங்கே கீரிக்குப் பதில் அதையொத்த வேறொரு சிறு விலங்கு. உங்கள் பிள்ளைகளின் கெலர்ட் கதையிலோ பாம்பு ஓநாயாகிறது, கீரி வேட்டைநாயாகிறது, குடம் லுவெலின் இளவரசனின் வாளாகிறது. எல்லாவற்றிலும் மாறாமல் நிற்பவை தொட்டில், வாயில் ரத்தம், கொன்ற பிறகு தெரியவரும் உண்மை.

இவற்றை வைத்துக்கொண்டு, "குழந்தையை விட்டுவிட்டுப் போனது யார்?" என்று கேளுங்கள். பஞ்சதந்திரத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்ட கணவன் பிச்சைக்குப் போய்விடுகிறான். பெண்ணை மட்டும் குற்றம் சொல்லும் கதை என்ற எண்ணம் அங்கேயே ஆட்டம் காணும். அதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு நீதியாகக் கொப்பியில் ஏறிவிடும்.

முடிவு தெரிந்திருப்பது நல்லதுதான். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு இல்லாதபோதுதான் 'அவளுக்கு எப்படித் தெரிந்தது' என்று கேட்க முடியும். அதனால் அவள் குடத்தைத் தூக்கும் இடத்தில் கதையை நிறுத்துங்கள். பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'நினைத்தது'. மூன்று மூன்று பேராக நான்கு குழு, குழுவுக்கு ஆறு வாக்கியம். முதல் தடவை 'கீரி குழந்தையைக் கடித்தது' என்பதைக் கண்டதில்தான் எழுதுவார்கள். உடனே திருத்தாதீர்கள், முகத்திலும் காட்டிக்கொள்ளாதீர்கள். "அவள் நின்ற இடத்திலிருந்து தொட்டில் தெரிந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். அவள் இன்னும் வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. கீரிதான் ஓடிவந்து எதிர்கொண்டது. கடைசியில் கண்டதில் மிஞ்சுவது ஒன்றுதான்: கீரியின் வாயில் ரத்தம் இருந்தது.

இனிதான் தமிழ்ப் பாடம். வலப்பக்கத்து வாக்கியத்தை எடுத்து நான்காக எழுதுங்கள்: கடித்தது, கடித்திருக்கும், கடித்திருக்கலாம், கடித்ததாம். முதலாவதைச் சொல்கிறவர் உறுதியாகச் சொல்கிறார், இரண்டாமவர் ஊகிக்கிறார், மூன்றாமவர் வேறு வாய்ப்புக்கும் இடம் விடுகிறார், நான்காமவர் பிறர் சொன்னதைச் சொல்கிறார். ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்பதை வினையின் வாலிலேயே கட்டிவைக்கிற மொழி நம்முடையது. இதை விட்டுவிட்டு, சிந்தனைத் திறன் என்று தனியாக ஒரு பயிற்சித்தாள் அச்சடிப்பது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது. ஆங்கிலத்தில் நினைக்கிற பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள்: 'ஒருவேளை கடித்தது' என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிவிட்டு வினையை அப்படியே விட்டுவிடுவார்கள். அரை மணி நேரமாவது வாயால் சொல்ல வையுங்கள். கதை வினைகள் ஐந்து போதும்: கடி, கொல், ஓடு, விழு, அழு. எழுதுவது அப்புறம்.

நேரம் இருந்தால் சிலப்பதிகாரத்துக்குப் போங்கள். அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்றவளின் கதை கொலைக்குப் பிறகும் தொடர்கிறது. கணவன் அவளை விட்டுப் போய்விடுகிறான். அவன் கொடுத்த வடமொழி ஏட்டை ஏந்திக்கொண்டு வணிகர் தெருக்களில் வீடு வீடாக அலைகிறாள். கோவலன் அவளைக் கூப்பிட்டு விசாரித்து, தானம் செய்து பாவம் நீக்கி, கணவனையும் சேர்த்து வைக்கிறான். இளங்கோ கீரியின் சாவை 'பிள்ளை நகுலம் பெரும்பிறிதாக' என்கிறார். பெரும்பிறிதாதல் என்றால் இறத்தல். 'கீரி இறந்தது', 'கீரியைக் கொன்றாள்', இரண்டையும் பலகையில் எழுதி, இரண்டாவதில் இருக்கும் யார் முதலாவதில் காணவில்லை என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் பிடிபடும்.

இதற்கு அடுத்தது கொலைக்களக் காதை. ஆராயாமல் கொன்றவளைக் கைதூக்கிவிட்ட கோவலன், பாண்டியன் ஆராயாததால் அங்கே வெட்டுப்படுகிறான். பொற்கொல்லன் சொன்னது அரசனைப் பொறுத்தவரை வெறும் 'திருடினானாம்'. அந்த 'ஆம்' உதிர்ந்து 'திருடினான்' ஆன இடத்தில்தான் கோவலனின் உயிர் போனது. பிள்ளைகள் சற்றுமுன் பழகிய அதே வினைவால்.

வீட்டுப்பாடமாக அம்மம்மா, அப்பம்மா, பாட்டி என்று யாருக்காவது தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். "ஒரு பழைய கதை சொல்லுங்கள்" என்று கேட்டால் மறுமுனையில் மௌனம்தான். "கீரிப்பிள்ளைக் கதையில் யார் கொன்றது, எதைக்கொண்டு அடித்தது?" என்று கேட்கட்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் வந்தாலும் மதுரைப் பேச்சில் வந்தாலும் கேட்டபடியே எழுதட்டும், இலக்கணமாக்க வேண்டாம். எது அசல் என்ற தீர்ப்பும் வேண்டாம். தெரியாது என்று ஒரு பாட்டி சொன்னால் அதையும் எழுதட்டும்.

வேல்ஸுக்கே உரிய பாடமொன்றும் இருக்கிறது. வட வேல்ஸின் பெத்கெலர்ட் கிராமத்தில் கெலர்ட்டின் கல்லறை என்று கல்வெட்டோடு ஓர் இடம் உண்டு. அதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பயணிகளை வரவழைக்க ஒரு விடுதிக்காரர் அமைத்தார் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். கல்லில் எழுதியிருப்பது கண்டதா, நினைத்ததா, சொன்னதா? படத்தைக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். சண்டை போடட்டும், தமிழில் போட்டால் சரி.

தேர்வுத்தாளில் 'இக்கதையின் நீதி யாது?' என்ற கேள்விக்கு 10 மதிப்பெண் இருக்குமானால், நிர்வாகக் குழுவிடம் இப்படிப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள்: கண்டதும் நினைத்ததும் ஒவ்வொன்று எழுத 2, ஒரு வாக்கியத்தை -இருக்கலாம் என்று மாற்ற 2, இரு வடிவங்களில் வேறுபடும் ஒன்றைச் சொல்லி அதனால் கதையில் என்ன மாறுகிறது என்று எழுத 6. கடைசிக் கேள்விக்கு நான்கு வரி இடம் விடுங்கள். ஒரு வரி விட்டால் ஒரு வரிதான் வரும்.

அன்புடன்.