ஜாதகத்தில் சனிக்குப் பக்கத்தில் (வ) என்று இருந்தால் தோஷமா? புதன் வக்ரத்தில் புது வேலைக்குக் கையெழுத்துப் போடலாமா?

நான் ஜோசியர் இல்லை. ஆனால் வக்ரம், அதாவது கிரகம் பின்னோக்கிப் போவதாகக் குறிக்கும் இந்த (வ) என்ற ஒற்றை எழுத்தால் ஒரு வரன் தட்டிப்போனவள். அதனால் உங்கள் மகளின் ஜாதகத்தில் சனி வக்ரம் என்று நீங்கள் எழுதிக் கேட்டிருந்ததைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது 1977, ஆனி மாதம் முதல் வாரம். தாத்தா காலத்து நோட்டில் எழுதிய ஜாதகம். ரிஷபக் கட்டத்தில் 'குரு (வ)' என்று சிவப்பு மையில் இருக்கும். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் அதைப் பார்த்துவிட்டு, "குரு வக்ரம், புத்திர பாக்கியம் தடைப்படும்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டிலிருந்து அப்புறம் பேச்சே இல்லை. அடுத்த வாரம் அப்பா அதே நோட்டை எங்கள் ஊர் ஜோசியரிடம் கொண்டுபோனார். அவர், "வக்ர குரு உச்ச குருவுக்குச் சமம், கொடுத்துவைத்த ஜாதகம்" என்றார். அப்பா அவருக்குத் தட்சிணையோடு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரே கட்டம், ஒரே எழுத்து, நேர் எதிரான இரண்டு பலன். அந்த எரிச்சலில்தான் வக்ரம் என்றால் என்னவென்று தேட ஆரம்பித்தேன்.

வானத்தில் எந்தக் கிரகமும் பின்னால் போவதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் போகும்போது இடது பக்கம் சிறுமலை தெரியும். நாம் ஒரு லாரியைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில், மலையை வைத்துப் பார்த்தால் லாரி பின்னால் நழுவுவது போல இருக்கும். லாரியும் மதுரைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. சனியை, குருவை, செவ்வாயைப் பூமி உள்வட்டத்தில் தாண்டிப் போகும்போது நடப்பதும் இதுதான். மலையின் இடத்தில் நட்சத்திரங்கள். புதனும் சுக்கிரனும் நமக்கு உள்வட்டத்தில் ஓடுகிறவை, அதனால் அவை நம்மைத் தாண்டும்போது வக்ரம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்ரமே கிடையாது. ராகு கேது எப்போதும் பின்னோக்கித்தான், அவற்றுக்கு யாரும் (வ) போடுவதும் இல்லை.

இதிலிருந்து ஒரு கணக்கு வரும். பழைய ஜோசியர்களுக்கு விரல் நுனியில் இருக்கும் கணக்கு. குருவோ சனியோ இருக்கும் ராசியை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். சூரியன் அதற்கு ஐந்தாம் ராசியை ஒட்டி வரும்போது வக்ரம் தொடங்கும், ஒன்பதாம் ராசியை ஒட்டி வரும்போது வக்ர நிவர்த்தி, அதாவது வக்ரம் முடியும். பாகைக் கணக்கில் விளிம்பில் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். செவ்வாய்க்கு இன்னும் குறுகல், ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வரை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரியே என் நோட்டை எடுத்தேன். குரு ரிஷபத்தில். ஆனி மாதம், சூரியன் மிதுனத்தில். எண்ணினால் இரண்டு. இரண்டில் சூரியன் இருக்கும்போது குரு வக்ரமாக இருக்க வழியே இல்லை! பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அப்போது குரு சூரியனுக்கு மிக அருகில், அஸ்தங்கத்தில், அதாவது சூரிய ஒளியில் மறைந்து இருந்திருக்கிறது. 'அ' போட வேண்டிய இடத்தில் யாரோ 'வ' போட்டிருக்கிறார்கள். இல்லாத வக்ரத்துக்குத்தான் ஒருவர் தடை சொன்னார், இன்னொருவர் உச்சம் சொன்னார். (எனக்கு இரண்டு பிள்ளைகள். இதை நிரூபணமாகச் சொல்லவில்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.)

சரி, நிஜமாகவே வக்ரமாக இருந்தால்? பலன் நடக்குமா நடக்காதா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஜோதிட நூல்களுக்குள்ளேயே நின்று பார்த்தாலும் வக்ரம் என்பது பலவீனம் இல்லை. வராகமிகிரரின் பிருஹத் ஜாதகம் வக்ர கிரகத்துக்குச் சேஷ்ட பலம், அதாவது நடையால் வரும் பலம், என்கிறது. கிரகத்தின் பலத்தை ஆறு வகையாக அளக்கும் ஷட்பலக் கணக்கில் அந்த இனத்தில் கிடைக்கக்கூடிய முழு மதிப்பெண் 60-ம் வக்ரத்தில் இருக்கும் கிரகத்துக்குத்தான். உத்தர காலாமிர்தம் என்ற ஜோதிட நூல் இன்னும் ஒரு படி மேலே போய், உச்சத்தில் வக்ரமானால் நீச பலன், நீசத்தில் வக்ரமானால் உச்ச பலன் என்கிறது. சுபக் கிரகம் வக்ரமானால் நல்லதை அதிகம் செய்யும், பாபக் கிரகம் வக்ரமானால் கெடுதலை அதிகம் செய்யும் என்று சொல்லும் மரபும் உண்டு. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உச்ச வக்ரம் ஒன்றை விட்டால், மற்ற எல்லாவற்றிலும் கிரகம் பலமாகத்தான் இருக்கிறது.

ஏன் பலம் என்று மொட்டைமாடிக்குப் போனால் புரியும். வெளிக்கிரகம் வக்ரத்தில் இருக்கும் காலத்தில்தான் பூமிக்கு மிக அருகில் இருக்கும், அதன் நடுவில் சூரியன் மறையும்போது உதித்து விடிய விடியத் தெரியும். 2024 டிசம்பர் 7-ஆம் தேதி செவ்வாய் வக்ரம் தொடங்கியபோது பூச நட்சத்திரத்தின் பக்கம் இருந்தது. ஜனவரி நடுவில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் வந்து சிவப்பாக ஜொலித்தது. பிப்ரவரி 24 வரை பின்னோக்கித்தான். வாரம் ஒரு முறை போனில் படம் எடுத்து வைத்தேன். அப்படிப் பார்த்த யாரும் இதைப் பலவீனமான கிரகம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் சந்தேகம் வேறு. கெட்ட பெயர் கிரகத்தால் வரவில்லை, சொல்லால் வந்தது. தமிழில் வக்கிரம் என்றால் நமக்கு வக்கிர புத்திதான் நினைவுக்கு வருகிறது. வடமொழியில் அதற்கு வளைவு, கோணல் என்றுதான் பொருள். பிள்ளையாரை வக்ரதுண்டன் என்கிறோம், வளைந்த துதிக்கையை உடையவர் என்ற அர்த்தத்தில். அங்கே யாரும் பயப்படுவதில்லையே! சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூல் கிரகத்தின் நடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது, அதில் வக்ரமும் ஒன்று, அதிவேகமும் ஒன்று. அதிவேகத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்த ஜோசியரும் தோஷம் எழுதி நான் பார்த்ததில்லை.

கோசாரத்தில், அதாவது கிரகங்களின் அன்றன்றைய நகர்வில், வக்ரத்துக்கு இன்னொரு விளைவு உண்டு, கிரகம் ஒரே ராசியில் நீண்ட நாள் தங்கிவிடும். 2025-இல் சுக்கிரன் அப்படித்தான் செய்தது. வழக்கமாக ஒரு மாதத்துக்குள் ராசி மாறுகிற கிரகம், ஜனவரி கடைசியிலிருந்து மே கடைசி வரை நான்கு மாதம் மீனத்தை விட்டு நகரவில்லை. மீனம் அதற்கு உச்ச வீடு. அதில் ஆறு வாரம் வக்ரம். பாதிப் பேர் 'உச்ச சுக்கிரன், அள்ளிக் கொடுப்பான்' என்றார்கள், மீதிப் பேர் உத்தர காலாமிர்தத்தைக் காட்டி நீச பலன் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் குரு அதிசாரமாக, அதாவது வழக்கத்தைவிட வேகமாக, கடகத்துக்குப் போய், நவம்பரில் வக்ரமாகி, டிசம்பர் தொடக்கத்தில் மிதுனத்துக்கே திரும்பியது. குரு பெயர்ச்சிப் பலன் ஒரே வருஷத்தில் எத்தனை முறை எழுதப்பட்டது என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

புதன் வக்ரத்துக்கு வருவோம். போன் ரிப்பேர் ஆகும், ஒப்பந்தம் முறியும், பழைய காதலர் மெசேஜ் அனுப்புவார் என்பதெல்லாம் மேல்நாட்டு ஜோதிடத்திலிருந்து இன்ஸ்டாகிராம் வழியாக வந்த பயம். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குக் குரு, சுக்கிரன் மூடமா (அஸ்தங்கமா) என்று பார்ப்பவர்கள் உண்டு. புதன் வக்ரம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. புதன் வருஷத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம் வக்ரமாகும். வருஷத்தில் ஒன்பது, பத்து வாரம் கையெழுத்துப் போடாமல் இருந்தால் எந்த ஆபீஸ் காத்திருக்கும்? ஆஃபர் லெட்டரை முழுசாகப் படித்துவிட்டுத் தாராளமாகப் போடுங்கள்.

உங்கள் மகளின் சனி. சனி 378 நாளுக்கு ஒரு முறை வக்ரமாகி, சுமார் நாலரை மாதம் அப்படியே இருக்கும். அதாவது பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குச் சனி வக்ரம்தான். அவள் வகுப்பில் முப்பது பேர் இருந்தால், அந்த முப்பது பேரும் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் என்பதால் பத்துப் பேர் ஜாதகத்திலாவது இதே (வ) இருக்க வாய்ப்பு அதிகம். அத்தனை பேருக்குமா தோஷம்?

ஜோசியர் திருவக்கரைக்குப் போகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற கோயில், வக்ர காளி சன்னதி, வக்ர தோஷத்துக்குப் பலரும் போகிற இடம். தாராளமாகப் போய் வாருங்கள், நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே கோபுரம், கொடிமரம், நந்தி எதுவும் ஒரே நேர்கோட்டில் இருக்காது, அதுவே பார்க்க ஒரு அழகு. பக்கத்திலேயே கல்மரப் பூங்கா, இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, குழந்தைக்குப் பிடிக்கும். ஆனால் பரிகாரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தை எடுத்து, சனியிலிருந்து சூரியன் வரை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நாலுக்குக் கீழே வந்தால், (வ) போட்டவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.