மருந்தடித்தால் எறும்பு ஏன் பெருகுகிறது?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து சமையலறை மேடையில் பொடி எறும்பு. ஸ்பிரே அடித்தேன், இரண்டு நாள் காணவில்லை. இப்போது பூஜை அறை, படுக்கையறை, சுவிட்சுப் பெட்டி என்று மூன்று இடங்களில் வருகிறது. ஐந்து மாதக் குழந்தையின் தூளிக்குள்ளும் ஏறிவிட்டது. அடுத்த மாதம் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிறோம். அதற்குள் ஒழிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் தூளி, மற்றதெல்லாம் அப்புறம். தரையைத் தொடாமல் தொங்கும் தூளிக்கு எறும்பு கூரைக் கொக்கி வழியாகத்தான் இறங்கி வரும். கொக்கியிலும் சங்கிலியிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் களிம்பைச் சுற்றிலும் தடவிவிடுங்கள். அந்தப் பிசுக்கை எறும்பால் கடக்க முடியாது. தூளித் துணி சுவரையோ கட்டிலையோ உரசக் கூடாது. குழந்தை கக்கிய பால் காய்ந்த துணியை உடனுக்குடன் மாற்றுங்கள். எறும்பைக் கூப்பிடுவதே அந்த வாசனைதான். தூளிக்குப் பக்கத்தில் எறும்பு சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. பார்வைக்குப் பலப்பம் போல இருப்பதால், தவழும் பிள்ளை கையில் கிடைத்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

இனி ஸ்பிரே விஷயம். நீங்கள் சொல்லும் பொடி எறும்பு பெரும்பாலும் தலை கறுத்து, வயிறும் கால்களும் வெளிறிய வகை. ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். நசுக்கினால் ஒரு கெட்ட வாடை வீசும். இதன் கூட்டில் ராணி ஒன்றல்ல, பல. சுவர் விரிசல், கதவு நிலையின் இடுக்கு, சுவிட்சுப் பெட்டியின் பின்புறம் என்று எங்கே இடம் கிடைத்தாலும் குடியேறும். வெளியே இரை தேடி வருவது கூட்டில் ஒரு சிறு பங்குதான். நீங்கள் அடித்த மருந்தில் செத்தது அந்தச் சிறு பங்கு. ஆபத்தை உணர்ந்த மிச்சக் கூட்டம் ராணிகளையும் முட்டைகளையும் தூக்கிக்கொண்டு நாலாபுறமும் பிரிந்து போய்விட்டது. ஒரு கூடு மூன்றானது அப்படித்தான்.

எனவே சாரியாகப் போகும் எறும்பைப் பார்த்ததும் துடைக்கும் கையைச் சில நாள் அடக்கிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது கூட்டுக்குள் இருக்கும் ராணி. அவளிடம் போய்ச் சேர அந்த எறும்புகளை விட்டால் வேறு ஆள் கிடையாது. வெளியே குடித்ததை வயிற்றில் சுமந்துபோய், கூட்டில் இருப்பவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும் இனம் அது. சர்க்கரைத் தண்ணீரில் துளி கேசரிப் பவுடர் கலந்து ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். குடித்த எறும்பின் வயிற்றில் அந்த நிறம் கண்ணாடிக் குப்பிக்குள் தெரிவது போலத் தெரியும்.

அந்தச் சொட்டில்தான் மருந்தைக் கலக்க வேண்டும். மருந்துக் கடையில் போரிக் ஆசிட் பவுடர் கேளுங்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக் பவுடர் போட்டு நன்றாகக் கரையுங்கள். ‘கூடப் போட்டால் சீக்கிரம் சாகுமே’ என்று அளவை ஏற்றிவிடாதீர்கள். பலரும் தோற்பது இங்கேதான். மருந்து கூடினால் எறும்பு தொடாது, தொட்டாலும் கூடு போய்ச் சேருமுன் வழியிலேயே செத்துவிடும். பஞ்சை அதில் நனைத்து, மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பக்கவாட்டில் ஊசியால் நாலைந்து துளை போட்டு, எறும்பு வரும் வழியோரம் வையுங்கள். சென்னை வெக்கையில் தண்ணீர் வற்ற வற்ற மருந்தின் செறிவு ஏறிவிடும். அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள்.

முதல் இரண்டு நாள் எறும்பு முன்னைவிட மொய்க்கும். பதறாதீர்கள், கலவை பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த நாட்களில் பக்கத்தில் மஞ்சள் தூள், கற்பூரம், எலுமிச்சை எதுவும் கூடாது. அவை எறும்பைத் திசைதிருப்பும், அவ்வளவுதான். சர்க்கரை டப்பா, வெல்லம், பூஜை அறைக் கற்கண்டு எல்லாம் இறுக மூடியிருக்கட்டும். வேறு இனிப்பு கிடைத்தால் நம் டப்பாவை ஏன் சீண்டப் போகிறது?

போரிக் பவுடர் வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் கெடுதி. டப்பாவைக் குழந்தைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மீதிக் கலவையைப் பாட்டிலில் ஊற்றி ‘விஷம்’ என்று எழுதி ஒட்டுங்கள். பழைய வீடுகளின் பரணில் கமாக்சின் பொடி இன்னும் கிடக்கிறது. பி.ஹெச்.சி. என்ற அந்த நஞ்சு இந்தியாவில் 1997இல் தடைசெய்யப்பட்டது. பெரியவர்கள் பாசத்தோடு எடுத்துக் கொடுத்தாலும் வாங்கித் தூவாதீர்கள்.

சுவிட்சுப் பெட்டிக்குள் ஸ்பிரே அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கீழே சுவரோரம் ஒரு டப்பா வைத்தால் போதும். அப்புறமும் எறும்பு இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துவிட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் தூசி படிந்த தண்ணீரின் மேல் பொடி எறும்பு நடந்தே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் கால் வைத்ததும் மூழ்கும். தண்ணீரைத் தினமும் மாற்றி, தட்டையும் தேய்த்துக் கழுவுங்கள்; டெங்கு கொசு முட்டையிட அந்தச் சிறு தட்டே போதும்.

சாரி இளைத்து நின்ற பிறகு, அது வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, விரிசலை வெள்ளை சிமெண்டால் அடையுங்கள். ஜன்னல் கம்பியைத் தொடும் செடி கொடி இருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்தால், அது கசியும் தேன் போன்ற நீருக்காக எறும்பு ஏறி, கிளை வழியாகவே வீட்டுக்குள் வரும். கிளையைக் கழித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஆகும். அடுத்த மாதம்தானே சோறூட்டு? இன்றே பஞ்சை நனைத்து வையுங்கள்.