கூண்டுக் கணக்கு

அன்புள்ள அக்கா,

ஹூஸ்டனில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். சுண்டெலி, கல்லீரல், கொழுப்பு என்று போகிறது. மூன்றாவது வருஷம், பேப்பர் இன்னும் வரவில்லை. எங்கள் போஸ்ட்டாக் ஆபீஸ் வெள்ளிக்கிழமைகளில் கேரியர் பயிற்சி நடத்துகிறது. போகட்டுமா என்று ஆய்வகத் தலைவரான பி.ஐ.யிடம் கேட்டேன். "அதெல்லாம் அறிவியலை விட்டுப் போகிறவர்களுக்கு" என்றார். அப்பாவோ போனில், "டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, இன்னும் என்னம்மா டிரெயினிங்?" என்கிறார். இருவருக்குமே என்னிடம் பதில் இல்லை. போகலாமா?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

போங்கள். இந்த வெள்ளிக்கிழமையே போங்கள்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. போஸ்ட்டாக் என்பதே அமெரிக்காவில் காகிதத்தில் பயிற்சிதான். வழிகாட்டி ஒருவரின் கீழ், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், மேல்நிலைப் பயிற்சி பெறுபவர் என்றுதான் 2007இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்புகளான என்.ஐ.எச்.சும் என்.எஸ்.எஃப்.பும் வரையறுத்தன. சம்பளம் ஏன் குறைவு என்று கேட்டால் "நீ பயிற்சியில் இருக்கிறாய்" என்பார்கள். சரி, பயிற்சி எங்கே என்றால் "எலி காத்திருக்கிறது" என்பார்கள். அப்பாவிடம் இதை அப்படியே சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

பி.ஐ.யைக் கெட்டவராக நினைக்க வேண்டாம். அவர் நடந்து வந்த பாதை ஒன்றுதான், அதைத்தான் அவரால் காட்ட முடியும். வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் ஆய்வக மேசையில் இல்லாவிட்டால் பேப்பர் தள்ளிப்போகுமே என்ற பயமும் இருக்கும். ஆனால் 2013, 2014இல் என்.ஐ.எச். 'பெஸ்ட்' என்ற திட்டத்தில் 17 நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, பேராசிரியர் வேலை தவிர வேறென்ன உண்டு என்று ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டச் சொன்னது. 2021இல் பிளாஸ் பயாலஜி என்ற ஆய்விதழில் 10 நிறுவனங்களின் கணக்கு வந்தது. இப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் போன பிஎச்.டி. மாணவர்கள் படிப்பை முடிக்கத் தாமதமாகவில்லை, பேப்பரும் குறையவில்லை. "அது மாணவர்களுக்கு, போஸ்ட்டாக்குக்கு அல்ல" என்று அவர் மடக்கலாம். மடக்கினால் விட்டுவிடுங்கள், இதற்காகச் சண்டை வேண்டாம். வேறு வழி இருக்கிறது. சயின்ஸ் இதழ்க்காரர்களின் 'மைஐ.டி.பி.' என்ற இணையதளம் 2012இல் வந்தது, இலவசம். ஐ.டி.பி. என்றால் உங்கள் தனிப்பட்ட வளர்ச்சித் திட்டம். அதில் உட்கார்ந்து உங்கள் திறமை, விருப்பம் எல்லாவற்றுக்கும் நீங்களே மார்க் போட்டு, "ஐ.டி.பி. எழுதியிருக்கிறேன், அரை மணி நேரம் பேசலாமா?" என்று கேளுங்கள். என்.ஐ.எச். பணத்தில் ஓடும் ஆய்வகமென்றால், இந்த ஐ.டி.பி. பயன்படுகிறதா என்று ஆண்டறிக்கையில் எழுதும் வழக்கம் 2014இலிருந்து உண்டு. அதனால் இந்த வேண்டுகோளைத் தட்டிக்கழிப்பது அவருக்கும் கொஞ்சம் கஷ்டம்.

என் கதையைச் சொல்கிறேன். ஐந்தாவது வருஷம் வரை இந்தப் பக்கமே நான் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் நோட்டீஸில் பீட்சா என்று போட்டிருந்தது, போனேன். மருந்து நிறுவனம் ஒன்றில் ஆள் எடுக்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார். என் சி.வி. ஏழு பக்கம். புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எலி காலனியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"நான்தான்."

"எத்தனை கூண்டு?"

"நூற்று எண்பது."

"கூண்டு வாடகை பில்?"

"மாசாமாசம் நான்தான் சரிபார்ப்பேன். போன வருஷம் யாரும் தொடாத இரண்டு எலி வம்சங்களை விந்தணுவாக உறையவைத்துவிட்டுக் கூண்டுகளைக் காலி செய்தேன். பில் நன்றாகக் குறைந்தது."

"புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது?"

"இதுவரை நாலு பேர்."

"இதெல்லாம் இந்த ஏழு பக்கத்தில் எங்கே இருக்கிறது?"

எங்கேயும் இல்லை. இதையெல்லாம் எழுதலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டு வேலையைப் பயோடேட்டாவில் எழுதுவோமா என்ன? அன்றிரவே இரண்டு பக்க ரெஸ்யூமே எழுதினேன். எட்டு மாதத்தில் வேலை கிடைத்தது. அதற்கு ரெஸ்யூமே மட்டுமே காரணமில்லை, அந்தச் சமயத்தில் ஆள் தேவைப்பட்டது. இல்லாத வேலையை எந்தப் பயிற்சியும் உண்டாக்கிவிடாது. அப்படிப் பேசுகிறவரை நம்பாதீர்கள்.

எல்லா வெள்ளிக்கிழமையும் போக வேண்டியதில்லை. லிங்க்ட்இன்னுக்குப் போட்டோ எடுத்துத் தருகிற அன்று எலியையே பார்த்துக்கொள்ளலாம். பேராசிரியர் வேலை இன்டர்வியூவில் வரும் 'சாக் டாக்' என்ற பலகைப் பேச்சுக்கு ஒத்திகை என்றால் தவற விடாதீர்கள். ஸ்லைடு கிடையாது, கையில் மார்க்கர் மட்டும். அடுத்த ஐந்து வருஷம் என்ன செய்வீர்கள் என்று பலகையில் எழுதிக்கொண்டே பேச வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பாதியில் குறுக்கிடுவார்கள். அதை முதன்முதலில் இன்டர்வியூவில் சந்திப்பது கொடுமை. விசா பற்றிய கூட்டத்துக்கும் போய்விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது 'மூன்றாவது வருஷம்' என்ற சொல்தான். கே99/ஆர்00 என்று ஒரு என்.ஐ.எச். நிதி இருக்கிறது. வழிகாட்டியின் கீழ் இரண்டு வருஷம் வரை, பிறகு சொந்த ஆய்வகத்தில் மூன்று வருஷம் வரை பணம். எஃப்32 என்ற போஸ்ட்டாக் உதவித்தொகைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். கே99க்கு வேண்டாம், நம்மைப் போன்றவர்களும் போடலாம். ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நாலு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் வழக்கமான வரம்பு. முதல் தடவை கிடைக்காமல் திருத்தி மறுபடி போட நேர்ந்தால் அதற்கே பல மாதம் போய்விடும். நான் அந்தப் பீட்சா கூட்டத்தில்தான் இதைக் கேள்விப்பட்டேன், அப்போது கதவு மூடியிருந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இன்றைய அறிவிப்பை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் இந்தியாவில் 2009 முதல் நடக்கும் இளம் ஆய்வாளர்கள் கூட்டத்தைக் கவனியுங்கள். வேலை தேடும் போஸ்ட்டாக்குகள் நிறுவன இயக்குநர்களோடு நேரில் உட்கார்ந்து பேசுகிற இடம் அது.

பேராசிரியராவதா, கம்பெனிக்குப் போவதா என்று என்னிடம் கேட்கவில்லை, நல்லது. போய்விட்டு வந்து எழுதுங்கள். எத்தனை கூண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா