தாத்தா டைரியில வேம்பு பூத்த நாள்

கேள்வி: அண்ணாச்சி, எங்க தாத்தா வீட்டு பரணை ஒதுங்க வைக்கும்போது பழைய டைரி ஒரு கட்டு கிடைச்சுது. பாதிக்கு மேல பால் கணக்கு, பிசான நெல் கணக்கு. நடுவுல ஒரு இடத்துல "விஜய வருஷம் பங்குனி 6, புறவாசல் வேம்பு பூத்துட்டு"ன்னு எழுதிருக்கார். அந்த மரம் இன்னும் நிக்கு, இந்த வருஷம் மாசி கடைசியிலயே பூத்துட்டு. அப்போ பூக்குற காலம் மாறிட்டுன்னு சொல்லலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்தக் கட்டை பழைய பேப்பர்காரர்ட்ட போடாம வச்சிருக்கீங்களே தங்கச்சி, ரொம்ப சந்தோஷம். ஆனா மாறிட்டுன்னு இப்பவே சொல்லிராதீங்க. பங்குனி 6 வேம்பு பூத்த நாளா, இல்ல தாத்தா அண்ணாந்து பாத்த நாளா? அதுக்கு முந்தின வாரம் அவர் ஊர்லயே இல்லாம இருந்திருக்கலாம், அதனால முன்பக்கத்தைப் புரட்டி பால் கணக்காவது விடாம எழுதிருக்காரான்னு பாருங்க, தினமும் புறவாசல்ல நடமாடுன மனுசன் எழுதுன தேதின்னா அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. எழுதாத நாளை பூக்காத நாள்னு மட்டும் எடுத்துராதீங்க.

விஜய வருஷம் 60 வருஷத்துக்கு ஒருக்க வரும், உங்களோடது 1953-54ஆ இருக்கும், நெல் விலைய வச்சு உறுதி பண்ணிக்கோங்க. இங்கிலீஷ் தேதிய அந்த வருஷப் பஞ்சாங்கத்துலதான் பாக்கணும், ஏன்னா தமிழ் மாசம் சுமார் 70 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போகுது.

பூவப் பத்தி நேரா எழுதாத வரியையும் விட்றாதீங்க. "ஆச்சி வேப்பம்பூ காயப்போட்டா"ன்னு இருந்தா அதுவும் சாட்சிதான். ஜப்பான்ல கியோட்டோ செர்ரி பூத்த கணக்கை 9ஆம் நூற்றாண்டுலேந்து கோத்தது இப்படித்தான், பூ பாக்க விருந்து வச்சோம்னு அரண்மனை ஆளுங்க டைரியில எழுதுனதை வச்சு. அமெரிக்காவுல கான்கார்டுங்கிற ஊர்ல தோரோங்கிற எழுத்தாளர் 1852லேந்து 1858 வரை பூத்த தேதியெல்லாம் குறிச்சு வச்சிருந்தார், பின்னாடி ஒப்பிட்டா 43 வகைச் செடி சராசரியா 7 நாள் முந்திப் பூக்குது. அங்க குளிர் விடுறதுதான் பெரிய விஷயம், நம்ம பக்கம் மழையும் சேரும், ஐப்பசி கார்த்திகையில மழை எப்படின்னு தாத்தா எழுதிருந்தா பக்கத்துலயே குறிங்க. ஒரு வருஷத்தோட ஒரு வருஷம் வச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது, கிடைக்குற அத்தனை வருஷமும் வேணும்.

அவர் எழுதுன வார்த்தைய அப்படியே ஒரு நோட்டுல எடுத்து எழுதுங்க, பக்கம் பக்கமா போனுல போட்டோ எடுங்க, கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் மட்டும் ஒட்டிராதீங்க. வர்ற தை கடைசியிலேந்து ரெண்டு நாளைக்கு ஒருக்க அதே மரத்தைப் பாத்து, பூக்கலைன்னாலும் "இன்னும் இல்ல"ன்னு எழுதி வைங்க.